பெருக்கி இலக்கணம்: ஓசூர் உரை

முன்னது பின்னது எனஇரு வகைத்தே பெருக்கி;
பின்னது ஸ்பீக்கரை ஆட்டும்; முன்னது
வாங்கியோன் மனத்தை ஆட்டும் என்ப.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் என்னும் இரண்டின் வேறுபாடு உணர்த்துதல் நுதலிற்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் இன்டகிரேட்டட் எனப்படும். அது இரட்டைக்கிளவி போன்றது, பிரித்தால் பொருள் தராது என்பர் சிக்கனக்காரர். பிரித்தால் விலை இரட்டிக்கும் என்பதே கடைக்காரர் கண்ட பொருள்.

இந்நூல் வழங்கும் எல்லை: வடக்கே அத்திப்பள்ளி சுங்கச்சாவடி, மேற்கே தளி, கிழக்கே பர்கூர், தெற்கே காவேரிப்பட்டினம். வட எல்லைக்கு அப்பால் பெங்களூர் எஸ்.பி. ரோடு உண்டு, அது இந்நூலுக்குப் புறம்பாயினும் உதிரிபாகமெல்லாம் அங்கிருந்தே வருதலின் விலக்கப்படாது. எல்லைக்குள் வழங்கும் மொழிகள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு. வோல்டேஜ் ஒன்றே; அதுவும் சில மாலைகளில் ஒன்றாக இருப்பதில்லை.

இனிப் பின்னது. அது பிறப்பால் வால்வு, டிரான்சிஸ்டர், சிப் என மூன்று. வால்வு உயர்குடிப் பிறப்பு என்று இப்போது கருதப்படுகிறது. 1961 முதல் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்துகொண்டிருந்தபோது அதற்கு இந்தக் குலப்பெருமை கிடையாது. ரேடியோவுக்குள் எரியும் கண்ணாடிக்குப்பி, அவ்வளவுதான். கிடைப்பது அரிதான பிறகு வந்த பெருமை இது.

சிப் இனத்தில் தலையாயது சான்யோவின் 4440 ஐ.சி. அசெம்பிள் செய்யும் ரேடியோ கடைகளில் ஒரு தலைமுறையே இதில்தான் கைபழகியது. சேனலுக்கு 6 வாட். பிரிட்ஜ் செய்தால் 19 வாட். இது தயாரித்தவர் சொல்லும் கணக்கு. பெட்டியின் நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கரோ 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்னும். இடையிலுள்ள 981 வாட் எங்கே போயிற்று என்பதற்கு எந்த உரையாசிரியரும் விடை எழுதவில்லை. இதில் தேறியவர் 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடிக்கு மாறுவார். அங்கிருந்து மாரியம்மன் திருவிழா சவுண்ட் சர்வீஸ் கூப்பிடு தூரம்.

வெப்பத்தால் பிரிப்பது இன்னும் நுட்பமானது. இந்தப் பகுதிக்கு மிகவும் பொருந்துவதும் அதுவே. கிளாஸ் ஏ, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் இழுத்துக் காய்ந்துகொண்டிருக்கும். அதன் திறன் கோட்பாட்டளவிலேயே 50 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸ் டி 90 சதவீதத்தைத் தொடும், குளிர்ந்தே இருக்கும். கிளாஸ் ஏபி இடைப்பட்டது. நெடுங்காலம் பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்கள் அதுவாகவே இருந்ததால் அதைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ள ஓசூரில் மார்கழி இரவுக்குக் கிளாஸ் ஏ ஏற்றது; அறை வெதுவெதுப்பாகும். அதையே கிருஷ்ணகிரிக்கு இறக்கிச் சித்திரையில் போடுவது திணை மயக்கம். செலவும் சொல்வோம்: சேனலுக்கு 25 வாட் தரும் கிளாஸ் ஏ சுமார் 200 வாட் இழுக்கும். தினம் 4 மணி நேரம் கேட்டால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட்டில் ஏறக்குறையப் பாதி வயலினுக்கே போய்விடும்.

உலோகத்தால் பிரிப்பது ஓசூருக்கே உரிய முறை. தொழிற்சாலை ஊரான இங்கே வாடிக்கையாளரில் பலர் உலோகம் வெட்டும் டூல்ரூம்காரர்கள். விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையரின் முகப்பில் 20 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பார்த்ததும் மற்றவர் அதிசயிப்பர். இவர் அதை வெட்டி எடுக்க ஆகும் சைக்கிள் டைம் கணக்குப் போடுவார். விலையில் பெரும்பங்கு தகட்டுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஹீட் சிங்குக்கும் போகிறது, சர்க்யூட்டுக்குப் போவது சொற்பம் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதிர்வு தாங்கும் பீடம் என்று தனியாக விற்கப்படும் கல்லையும் அவர் வாங்கமாட்டார். அறுத்து மிஞ்சிய கிரானைட் துண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கும் கிடக்கிறது.

முன்னதாகிய ப்ரீ ஆம்ப்புக்கு வருவோம். நூலின் உயிர்நாடி இங்கே.

ப்ரீ ஆம்ப்புக்குத் தொழில் ஐந்து: தேர்தல், திருத்தல், பெருக்கல், தாங்கல், அடக்கல். தேர்தலாவது சி.டி.யா, டி.வி.யா, ரேடியோவா என்று குமிழைத் திருப்புவது. திருத்தலும் பெருக்கலும் இசைத்தட்டுக்காரருக்கே உரியவை. ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்க வேண்டும். அத்துடன், தட்டு வெட்டும்போது குறைத்த பாஸைக் கூட்டி, கூட்டிய ட்ரெபிளைக் குறைக்கவும் வேண்டும். இந்தக் கூட்டல் குறைத்தலுக்கான வளைவு 1954இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எனவே தட்டு வைத்திருப்பவருக்கு ப்ரீ ஆம்ப் ஆடம்பரம் அன்று, தேவை. தாங்கலாவது நீண்ட ஒயருக்கும் பவர் ஆம்ப்புக்கும் ஈடுகொடுப்பது. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் பெரிதாக வேலையில்லை.

மற்றவர் கதை வேறு. சி.டி. பிளேயரோ, டிஜிட்டலை ஒலியலையாக மாற்றும் நல்ல டி.ஏ.சி.யோ தருவது 2 வோல்ட். 20 மடங்கு பெருக்கும் சாதாரண பவர் ஆம்ப்புக்கு 1 வோல்ட் கொடுத்தாலே 20 வோல்ட் வெளியே வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 50 வாட். அதாவது வருவது ஏற்கெனவே தேவைக்கு இரட்டிப்பு. இதற்குமேல் பெருக்க என்ன இருக்கிறது? மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் எந்நேரமும் பக்கத்து வீட்டில் யாரோ ஒருவர் தூங்குகிறார். அரை வாட்டே அவரை எழுப்பப் போதும். அரை வாட்டுக்கு ஸ்பீக்கரில் 2 வோல்ட், பவர் ஆம்ப்பின் வாசலில் வெறும் 0.1 வோல்ட். ஆக, சிப்காட் தொழிற்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் லட்சம் கொடுத்து வாங்கிய ப்ரீ ஆம்ப் அன்றாடம் செய்யும் வேலை, 2 வோல்ட்டை இருபதில் ஒன்றாகக் குறைப்பது. ஐந்தாம் தொழிலாகிய அடக்கலே தலையாயது என்பது இதனால் பெறப்படும்.

அடக்கலிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண கார்பன் வால்யூம் கன்ட்ரோலை அடியில் வைத்துக் கேட்டால் இடம், வலம் இரண்டும் ஒத்து வராது. பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து சன்னலோரம் போய் நின்றுவிடுவார். படிப்படியாக மாறும் ரெசிஸ்டர் அட்டெனுவேட்டர் உள்ள ப்ரீ ஆம்ப்புக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் இதற்காகத்தான். அதையும் வாங்க முடியாதவர் பவர் ஆம்ப்புக்கு முன்னால் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டு வரவைக் குறைத்தால், கன்ட்ரோலை மேலே ஏற்றிவைத்துக் கேட்கலாம். எஸ்.பி. ரோட்டில் அது சில்லறைக் காசு.

மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன், விலை உயர்ந்ததில் மேடை விரிந்தது, காற்று வீசியது என்பவர்க்கு மறுப்பு: 1985இல் பாப் கார்வர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகையின் சவாலை ஏற்று, தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஒரு விலை உயர்ந்த ஆம்ப் போலவே ஒலிக்கும்படி ஓட்டல் அறையில் உட்கார்ந்து திருத்திக் காட்டினார். ஆசிரியர்களால் வேறுபாடு சொல்ல இயலவில்லை. இரண்டில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும், காது அதையே உயர்ந்தது என்று தீர்ப்பளித்துவிடும். பகலெல்லாம் அளவு சரிபார்க்கும் கோ, நோ-கோ கேஜ் போடாமல் ஒரு துண்டையும் ஏற்காத தரக்கட்டுப்பாட்டு அதிகாரி, மாலையில் கேபிள் மாற்றியதால் ஒலி இனித்தது என்று அளக்காமலே நம்புவது இப்பகுதிக்கே உரிய முரண். இதற்கு இலக்கணம் இல்லை.

புறனடை: இசைத்தட்டு வைத்திருப்போர், நாலைந்து கருவி இணைப்போர், அறையின் இரு கோடிகளுக்கு ஒயர் இழுப்போர் இவ்விதிக்கு விலக்கு. ஏனையோர் ப்ரீ ஆம்ப்புக்கு ஒதுக்கிய பணத்தை ஸ்பீக்கரில் போடுக. காதுக்குத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டி டெமோ கேட்கப் போகிறவர்கள் பையில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துச் செல்லுங்கள். 400 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்றை ஓடவிட்டு, இரண்டு ஆம்ப்பிலும் ஸ்பீக்கர் முனையில் வோல்ட்டை ஒரு சதவீதத்துக்குள் சமமாக்கி, எது எது என்று பார்க்காமல் கேளுங்கள். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.