கட்டம் பத்தலீங்க அம்மணி

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்புச்சி,
ஓய்வு பெற்ற அரசு அலுவலக எழுத்தர், இந்நாள் பாக்குத் தோப்புக் காவலர்,
தொண்டாமுத்தூர், கோவை மாவட்டம்.

பெறுநர்:
விடுமுறை ஒப்படைப்புப் பிரிவு,
மரியாதை கருதிப் பெயர் குறிப்பிடப்படாத பள்ளி,
சென்னை.

பொருள்: 'என் குடும்ப மரம்' ஒப்படைப்பு – கட்டங்கள் போதாமை – கூடுதல் தாளும் கூடுதல் நாளும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் என் பேத்தியின் பையில் வைத்து அனுப்பிய ஏ4 தாள், ஒரு பக்கம், ஏழு கட்டம்.

அம்மணி,

முப்பத்து நாலு வருடம் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று என்று எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். சரியாக நிரப்பாதவர்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அப்படித் திரும்பிப் போனவர்களின் சாபமெல்லாம் சேர்ந்து இந்தக் கோடையில் உங்கள் தாளாக என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

தாளைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று ஒரு மரம், அதில் சிவப்புச் சிவப்பாக ஆப்பிள். அடிமரத்தில் 'நான்' என்று பெரிய கட்டம். அதற்கு மேல் அப்பா, அம்மா. உச்சாணிக் கொம்பில் தாத்தா பாட்டிகளுக்கு நாலு கட்டம். வேரில் பேத்தியும் நுனியில் கிழவன் கிழவியும் இருக்கிற மரத்தை, பண்ணையம் பார்த்த குடும்பத்தில் பிறந்தும் நான் கண்டதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் முதலில் விழுவது யார் என்பதை மட்டும் சரியாகக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

எங்கள் தோப்பில் இருப்பது பாக்கும் தென்னையும். இரண்டுக்கும் கிளை கிடையாது. "இதுல எங்க அப்புச்சி கட்டம் போடறது?" என்று பேத்தி அண்ணாந்து பார்த்தாள். "வாழையப் பாரு சாமி" என்றேன். போனாள். தாய் மரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கன்று. பக்கத்து மரத்துக் கன்றும் இதன் காலடியிலேயே முளைத்திருந்தது. எது எதன் பிள்ளை என்று பிரிக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டாள்.

சட்டப்படி உங்கள் மேல் குற்றமில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொன்னது. என் பேத்தி மூன்றாம் வகுப்பு. ஒரே ஒரு வருடத்தில் தப்பித்தீர்கள்.

முதல் சிக்கல் உங்கள் 'கிராண்ட்ஃபாதர்' கட்டத்திலேயே வந்தது. இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் அச்சிட்டிருக்கிறீர்கள். அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. அங்கே அப்பத்தா, இங்கே அம்மிச்சி. அப்பாரு கண்டிப்பார், அப்புச்சி காசு கொடுப்பார். இரண்டு வேறு பதவிகளை ஒரே பெயரில் போட்டால் சம்பளப் பட்டியலே குழம்பிவிடும் என்பது என் அலுவலக அனுபவம்.

அடுத்தது 'அங்கிள்'. பேத்தி வந்து இறங்கிய அன்று, வீட்டுக்கு வந்த என் மைத்துனர், மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர், வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கி மூங்கில் தடியோடு நொண்டிக்கொண்டு வந்த அவள் சொந்தத் தாய்மாமன், மூன்று பேரையும் 'அங்கிள்' என்றாள். மோட்டார்க்காரர் மட்டும்தான் கோபித்துக்கொள்ளவில்லை. தாய்மாமன் திண்ணையில் உட்கார்ந்து, "நாளைக்குச் சீர் கொண்டுக்கிட்டு வர்றவன் நானு. என்னையப் போயி அங்கிளுங்கறாளே" என்று தடியைச் சுவரில் சாத்தினான். அந்த வருத்தம் தீர இரண்டு வட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஆயிற்று.

அன்று பொழுதோட பாடம் ஆரம்பித்தது. வாசலில் பாக்கைப் பரப்பி, அம்மிச்சி சொல்லிக் கொடுத்தாள். அம்மாவின் அக்கா தங்கச்சியெல்லாம் அம்மாவேதான்: பெரியம்மா, சின்னம்மா. அப்பாவின் அண்ணன் தம்பியெல்லாம் அப்பாவேதான்: பெரியப்பன், சித்தப்பன். இவர்கள் பிள்ளைகள் உனக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி மாமன். அப்பாவின் அக்கா தங்கச்சி அத்தை. அவர்கள் பிள்ளைகள் மாமன் மச்சான் வகை. மூன்றாம் நாள் பேத்தி பாக்கை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "அம்மாவோட பொறந்தது பொண்ணுன்னா இன்னொரு அம்மா. பையன்னா மாமா. அப்பாவுக்கு அப்படியே உல்டா. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் அம்மணி. ஆனால் இந்த 'அவ்வளவுதான்' ஒரு பெரிய மனிதரைத் தூங்கவிடவில்லை. லூயிஸ் ஹென்றி மார்கன் என்று நியூயார்க் மாகாணத்தில் ஒரு வழக்கறிஞர். உறவுப் பெயர்களைக் கேட்டு 200-க்கும் மேல் கேள்விகள் கொண்ட படிவம் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்பினார். மிஷனரிகள் வழியாகத் தமிழ்க் கணக்கும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. தன் ஊர்ப் பக்கத்துச் செனெக்கா பழங்குடிகளின் முறையும் தமிழர் முறையும் பெருமளவு ஒத்துப்போவதைக் கண்டு அசந்துபோனார். 1871-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவர் புத்தகத்தில் நம் மாமனும் அத்தையும் பட்டியலாக நிற்கிறார்கள். கப்பலில் தபால் போன காலத்தில் அந்த மனிதருக்கு இருநூறு வரிகள் வேண்டியிருந்தன. ஜெராக்ஸ் மிஷின் இருக்கும் காலத்தில் உங்களுக்கு ஏழு கட்டம் போதுமென்று பட்டிருக்கிறது.

பக்கத்து உதாரணமும் உண்டு. பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1960-களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி எங்கள் கொங்குச் சனத்தைப் படித்தார். 1972-ல் புத்தகம் வந்தது. உறவுமுறை சொல்லும் பக்கங்களை நான் ரசித்துப் படித்தேன். எந்தச் சாதி எந்தச் சாதியோடு எப்படிப் புழங்கியது என்ற பக்கங்களைச் சற்று வேகமாகப் புரட்டிவிட்டேன். இது ஏன் என்று பின்னால் வருகிறது.

இரண்டாம் வாரம் களப்பணி. நரசிபுரம், ஆலாந்துறை, பூலுவபட்டி, மாதம்பட்டி, பேரூர் என்று டவுன் பஸ் போகிற இடமெல்லாம் எங்களுக்கு ஒறம்பரை, உங்கள் பாஷையில் சொந்தக்காரர். போன வீட்டிலெல்லாம் "வாங்க, தண்ணி குடிங்க" என்பார்கள். தண்ணீருக்குப் பின் காப்பி, காப்பிக்குப் பின் "ஒரு வாய் அரிசிம்பருப்பு மட்டும்". ஒரே நாளில் நாலு வீட்டில் அரிசிம்பருப்பு சாப்பிட்ட பேத்தி, ஐந்தாவது வீட்டு வாசலில் "இவங்க கண்டிப்பா சொந்தமா அப்புச்சி?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் அவளை விசாரித்தார்.

"நீ எந்தக் கூட்டம் கண்ணு?"

"கூட்டமா? நாங்க ரெண்டு பேருதான் தாத்தா வந்தோம்."

கடையே சிரித்தது. குலத்துக்குக் கூட்டம் என்று பெயர், ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று திரும்பும் வழியில் விளக்கினேன். "அப்போ வேற கூட்டம்னா மாமன் மச்சானா?" என்றாள். "ஆமா" என்றேன். "எல்லாக் கூட்டமுமா?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

உங்கள் தாளில் இன்னொரு குறை. உறவு என்றால் பேச்சுவார்த்தை உண்டு என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துக்கு அக்கட்டால இருப்பது என் பெரியப்பன் மகன் தோட்டம். ஒரு வரப்புக்காக எங்களுக்குள் இருபது வருடமாகப் பேச்சில்லை. பேத்தி அந்த வரப்பின் மேலேயே நடந்து போய் நுங்கு வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள்; அது சினிமாவில். இப்போதும் பேசுவதில்லை. ஆனால் அவர் "உங்கப்புச்சிகிட்ட ஏணி இருக்குதான்னு கேளு" என்பதும், நான் "இருக்குதுன்னு சொல்லு" என்பதும் பேத்தி மூலமாக நடக்கின்றன. 'உறவு: உண்டு. பேச்சு: இல்லை. ஏணி: உண்டு' என்று எழுத மூன்று பத்தி உள்ள கட்டம் வேண்டும்.

பொழுது சாய்ந்தால் யாரும் தோப்புப் பக்கம் போவதில்லை. மலையடிவாரம், யானை இறங்கும். ஒரு நாள் ராத்திரி வாழையைச் சாய்த்துவிட்டுப் போன கூட்டத்தின் காலடியை விடியற்காலையில் பேத்திக்குக் காட்டினேன். மூத்த பெண் யானை ஒன்று முன்னால் நடக்கும், மகள்களும் பேரக் குட்டிகளும் பின்னால் போகும் என்றேன். பெரிய தடங்களுக்கு நடுவில் சின்னத் தடத்தைப் பார்த்து, "இதுக்கும் லீவா?" என்றாள். அம்மிச்சியோடு காடு மேடெல்லாம் சுற்றித்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு யாரும் தாள் கொடுத்து அனுப்பியதாகத் தெரியவில்லை.

கடைசியில் அம்மிச்சி பீரோவைத் திறந்து எங்கள் மகள் கல்யாணத்து மொய் நோட்டுகளை எடுத்தாள். மூன்று நீள நோட்டு. ஊர், பெயர், தொகை, அவ்வளவுதான் எழுதியிருக்கும். முறை எழுதியிருக்காது, அது அவள் தலைக்குள் இருக்கிறது. பேத்தி பெயரை வாசிக்க, இவள் கண்ணை மூடிக்கொண்டு முறை சொல்வாள். எங்களுக்கு மொய் என்பது அன்பளிப்பு அல்ல அம்மணி, கணக்கு. வந்த தொகையை அவர்கள் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும். அதை அவர்கள் இன்னும் கூட்டித் திருப்புவார்கள். எந்த வருடமும் ஐந்தொகை முடிக்கக் கூடாது; கணக்கு நேரானால் உறவு முடிந்தது என்று பொருள். உங்கள் ஏழு கட்டத்துக்கு வெளியே பேத்தி எண்பத்தொரு பேரை எழுதி முடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதுவதென்று அன்றுதான் தீர்மானித்தேன்.

அப்போது அவள் அடுத்த வரியை வாசித்தாள். "தோட்டத்து ஆளு, 51 ரூபா. அப்புச்சி, இவங்க என்ன முறை?"

எங்கள் தோப்பில் இருபத்தைந்து வருடமாகப் பாக்கு உரிக்க வருகிற பெண். பேத்தி வந்த முதல் வாரமே, படித்த பாடத்தை வைத்து அவரை 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "அப்படிச் சொல்லாத கண்ணு, ஊட்ல வைவாங்க" என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்மிச்சி கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள், முறை வரவில்லை.

"எங்கம்மா இவங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பேரச் சொல்லி."

"அம்மாவ விடப் பெரியவங்கதானே? மூத்தவங்களப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்கு அடி விழும்னு சொன்னீங்களே. அம்மாவ ஏன் அடிக்கல?"

முப்பத்து நாலு வருட சர்வீஸில் எத்தனையோ தணிக்கைக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு எழுத வரவில்லை. டீக்கடையிலிருந்து திரும்பும்போது பஸ் வந்து என்னைக் காப்பாற்றிய கேள்வியும் இதுதான் என்று இப்போது புரிகிறது. கல்யாணத்துக்கு வந்து 51 ரூபாய் எழுதியவருக்கு எங்கள் மூன்று நோட்டிலும் முறை இல்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போனோமா, திருப்பி எழுதினோமா என்பது அம்மிச்சிக்கே நினைவில்லை. கட்டம் போதாதது உங்கள் தாளில் மட்டும்தான் என்று ஆரம்பித்த கடிதம் இது. அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

பேத்தி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. தானே எழுதிக்கொண்டாள்: '82. அத்தை. (அப்புச்சி இன்னும் யோசிக்கிறாரு.)'

எனவே, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

1. ஆப்பிள் மரத்தை ரத்து செய்து, வெறும் தாள் தர வேண்டும். கட்டத்தைப் பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

2. 'நான்' என்ற கட்டத்தைக் கடைசியில் வைக்க வேண்டும். எல்லோரையும் தெரிந்துகொண்ட பிறகு நிரப்ப வேண்டிய கட்டம் அது.

3. 2023-ல் வெயில் காரணமாக, ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் 7-க்கும், பிறகு 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிப்போயின. 2024-லும் ஜூன் 6 என்றது 10 ஆயிற்று. வெயிலுக்குக் கிடைக்கும் சலுகையை 'ஒறம்பரை மிகுதி' என்ற காரணத்துக்கும் நீட்டிக்க வேண்டும். இன்னும் வடவள்ளிக்குப் போகவே இல்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அப்புச்சி.

இணைப்பு: குடும்ப மரம் (ஆறு சார்ட் தாள்களை ஒட்டி, சுருட்டி, பாக்கு மட்டையில் கட்டியது), மொய் நோட்டு மூன்று. மதிப்பெண் போட்டாலும் போடாவிட்டாலும் நோட்டுகளை ஆவணி முகூர்த்தத்துக்குள் திருப்பி அனுப்பவும். செய்முறை பாக்கி நிறைய இருக்கிறது.

பின்குறிப்பு: 82-ஆவது வரிக்கு மட்டும் பேத்திக்கு மதிப்பெண் போட வேண்டாம். அது என்னுடைய வீட்டுப்பாடம்.