ஊசியும் அரட்டையும்

கேள்வி: வாராவாரம் என் மனைவி தோழிகளோடு கூடி, முதியோர் இல்லத்துக்கென்று ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறார். தையலைவிட அரட்டைதான் அதிகம்! (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: அரட்டை இல்லாமல் ஊசியில் நூல் ஏறாது ஐயா! பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 1942இல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்களுக்கு, உடனிருந்த கனடாக்காரர் எத்தல் மல்வேனி ஆளுக்கொரு சதுரத் துணி கொடுத்தார். பூ, சிறை அறை, தன் பெயர் என்று இழைத்தார்கள். போர்வைக்கு 66 சதுரம். போர்க்கைதிகள் முகாம் ஆஸ்பத்திரிக்குப் போன அந்தப் போர்வைகள்தான், அந்த முகாமில் கிடந்த கணவர்மாருக்கு ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சொன்ன கடுதாசி. ஜப்பானியப் படையினருக்கும் ஒன்று தைத்தார்கள். காவலர் முகம் சுளிக்கக்கூடாதே! உங்கள் வீட்டம்மாவின் சதுரத்தையும் எட்டிப் பாருங்கள். உங்களைப் பற்றிப் புகார் ஏதும் இருக்கப்போகிறது.