கண்டும் காணாத வீடு

காப்பகத்துக்கு நாய் பார்க்கப் போவதைப் பெண் பார்க்கப் போவதோடு ஒப்பிட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு பொருந்தாது. பெண் பார்க்கும் வீட்டில் பெண்ணாவது காபித் தட்டோடு கூடத்துக்கு வருவாள். பயந்த நாய் வராது. கூண்டின் கடைசி மூலையில் சுவரைப் பார்த்தபடி, மிதியடி அளவுக்கு உடம்பைச் சுருக்கிக்கொண்டு கிடக்கும். வந்தவர்கள் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, இரண்டு கூண்டு தள்ளிக் குதித்துக்கொண்டிருக்கும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா புரோடோபோபோவா என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2014இல் இதைக் கணக்கெடுத்தே காட்டினார்கள். சுவரில் உரசிக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டி நிற்கிற நாய்கள் காப்பகத்தில் கூடுதல் நாள் தங்கிவிடுகின்றன. நாயை வெளியே அழைத்துவந்து பழகிப் பார்க்கிறவர்களும் சராசரியாக எட்டு நிமிடம்தான் பழகுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு ஆய்வு. பத்துப் பன்னிரண்டு வருடம் கூட இருக்கப்போகிற ஜீவனுக்கு எட்டு நிமிடம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவையின் முந்தானையைப் பிரிக்கவே அதற்கு மேல் ஆகும். ஆனால் தப்பித் தவறி யாராவது அந்த மூலை நாயையே கேட்டுவிட்டால், அப்போதுதான் எனக்குக் கவலை அதிகமாகிறது. பெரும்பாலும் அவர்கள் அன்பு பொங்கி வழிகிறவர்களாக இருப்பார்கள். பயந்த நாய்க்கு அன்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அலுப்பு நிறைந்த வீடு வேண்டும் என்பது என் கட்சி.

பயந்த நாயைப் பார்த்ததும் நாம் அதற்கு ஒரு முன்கதை எழுதிவிடுகிறோம்: குடிகார எஜமான், செருப்படி, இடி மின்னலோடு ஒரு ராத்திரி. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்குப் போதுமான கதை. அடிபட்ட நாய்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல நாய்களுக்கு நேர்ந்தது அடியே இல்லை. சின்ன வயதில் மனிதர்கள் சம்பந்தமாக ஒன்றுமே நேராததுதான் அவற்றின் கதை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஃபிரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் குட்டிகளை வேலியடைத்த வெளியில் மனித வாடையே படாமல் வளர்த்துப் பார்த்து 1961இல் முடிவை வெளியிட்டார்கள். சில வார வயதில் மனிதரோடு பழகக் கிடைத்த குட்டிகள் சுலபமாக ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் வரை மனிதரையே அறியாதவை காட்டு விலங்கு மாதிரி விலகி ஓடின. மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை, நாய்க்குட்டிக்குக் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதர், குழந்தை, குடை, துடைப்பம், ஆட்டோ எல்லாம் அப்போதே பதிவாகிவிட வேண்டும். பிறகு பெயர் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பது தாலுகா அலுவலகம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். முடியாத காரியமில்லை, மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே மனுதாரர் நாம், அதிகாரி நாய். மனுதாரர் கவுன்ட்டருக்குள் கையை விட்டு "என் செல்லமே" என்று அதிகாரியின் கன்னத்தைக் கிள்ளினால் கோப்பு எந்தத் திசையில் நகரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீடுகளில் அன்புக்கு இன்னொரு பெயர் சத்தம். புதிதாக யார் வந்தாலும் வாசலில் நான்கு பேர் வரவேற்க வேண்டும், ஏழு பேர் கேள்வி கேட்க வேண்டும், சாப்பிட மாட்டேன் என்றால் ஊட்டிவிட வேண்டும். நாய் வந்த அன்றைக்கே மாமா குடும்பம் பார்க்க வரும். எதிர் ஃபிளாட் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். காலிங் பெல், குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி விவாதம் எல்லாம் தத்தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும். இதற்கு நடுவில் யாராவது ஒருவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து, கண்ணுக்குக் கண் பார்த்து, தலைக்கு மேலாகக் கையை நீட்டிக் கொஞ்சுவார். நாய் மொழியில் உற்றுப் பார்ப்பதும், மேலே கவிந்து நிற்பதும், தலைக்கு மேல் கை கொண்டுபோவதும் மிரட்டல். நாம் தாலாட்டு என்று நினைத்துப் பாடியது அதன் காதில் சவாலாக விழுகிறது. எனவே பயந்த நாய்க்கு நான் சிபாரிசு செய்வது, ஓய்வு பெற்ற கருவூலக் கணக்கர் ஒருவரை. ஆறு மணிக்கு எழுவார், ஆறரைக்குக் குளிப்பார், ஏழு மணிக்கு நாளிதழை டெண்டர் விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பார். அதே நாற்காலி, அதே செருப்புச் சத்தம், அதே இருமல். அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பது சில நாள் அவர் மனைவிக்கே தெரியாது. நாய்க்கு இதைவிடச் சொர்க்கம் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் பயத்துக்குப் பாதி வேலை போய்விடுகிறது. மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர்களுக்குப் பின்னால் ஒரு நாய் போகிறதே, அதைத் தருமர் கூப்பிட்டதாகவோ கொஞ்சியதாகவோ கதை இல்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். தம்பிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். நாய் மட்டும் கடைசி வரை கூடவே வந்தது. நாய் வளர்ப்பு நிபுணர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதும் இதைத்தான்: பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள், உங்கள் போக்கில் நடங்கள்.

"அதெல்லாம் வேண்டாம், நாலு பேரோடு பழகவிட்டால் தானே சரியாகிவிடும்" என்பார்கள். நீச்சல் கற்றுக்கொடுக்கப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிடும் பரம்பரை நாம். இந்த யோசனை நமக்கு இயல்பாக வரும். தள்ளிவிட்ட நாய் சில சமயம் அமைதியாகவும் ஆகிவிடும், அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் வெளியிட்ட, இன்றைக்குப் படித்தாலும் மனம் கூசுகிற சோதனை ஒன்று உண்டு. தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களுக்குப் பிறகு தப்ப வழி கொடுத்தபோது, அவற்றில் பல தாண்டி ஓட முயலவே இல்லை, அப்படியே படுத்துக்கொண்டன. கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாயைக் காட்டி "பாருங்க, எவ்வளவு பழகிட்டான்!" என்று பெருமைப்படும் முன் இது நினைவுக்கு வரட்டும். பயம் போய்விட்டது என்று அடித்துச் சொல்வதிலும் அவசரம் கூடாது. 1924 செப்டம்பரில் லெனின்கிராட் வெள்ளத்தில் பாவ்லோவின் ஆய்வக நாய்கள் கூண்டுக்குள் மூழ்கும் நிலைக்குப் போய் மீட்கப்பட்டன. சில நாய்கள் அதுவரை கற்ற பாடத்தையெல்லாம் மறந்துவிட்டன. பொறுமையாகத் திரும்பப் பழக்கிய பிறகும், கதவிடுக்கில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டதும் பழைய கலவரம் வந்துவிட்டது. மணியடித்தால் எச்சில் ஊறும் என்பதோடு பாவ்லோவைப் பாடப்புத்தகத்தில் முடித்துவிட்டார்கள். இந்த அத்தியாயத்தையும் சேர்த்திருந்தால் வீட்டில் நாய் வளர்க்கிறவர்களுக்கு உதவியிருக்கும்.

அடுத்த எதிர்ப்பு கொஞ்சம் கண்ணியமானது. கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த நாய் ஆயுசுக்கும் கட்டிலடியிலேயே கிடக்காதா? கிடக்காது, ஏனென்றால் நான் சொல்லும் அலுப்பு சும்மா இருப்பதில்லை. கருவூலக் கணக்கர் நாற்காலியில் இருந்தபடியே, பக்கவாட்டில், எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு கோழித் துண்டைப் போடுவார். நேற்று எட்டடி தள்ளிப் போட்டது அடுத்த வாரம் ஏழடிக்கு வரும். (சைவக் கணக்கராக இருந்தால் பனீர்; நாய்க்கு ஆட்சேபணை இல்லை.) நாய் தானாக நெருங்கி வந்து நடுங்கினால் தடவிக்கொடுப்பார். தேற்றினால் பயம் வளரும் என்று சொல்வது வீண் பேச்சு. பயம் ஒரு உணர்ச்சி, பிஸ்கட்டுக்காக யாரும் பயப்படுவதில்லை. இந்த மெதுவான வழிக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் மிகவும் பயந்த நாய்களுக்கென்றே 2013இல் நியூ ஜெர்சியில் ஒரு மறுவாழ்வு மையத்தைச் சோதனையாகத் தொடங்கி, பிறகு வட கரோலினாவில் நிரந்தரமாக்கியது. பழகிய நாய்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில் ஐந்தில் நான்குக்கு மேல் தேறி வீடுகளுக்குப் போயின. அந்தத் துணை நாய் விஷயம் வீட்டுக்கும் பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே ஒரு சாதுவான நாய் இருந்தால் நாம் மூன்று மாதம் சொல்லிப் புரியாததை அது மூன்று நாளில் சொல்லிவிடும்.

காப்பகம் நடத்துகிறவர்கள் வேறொரு பக்கத்திலிருந்து மடக்குவார்கள்: "இப்படிச் சல்லடை போட்டால் யார் எடுப்பார்கள்? கூண்டைவிட எந்த வீடும் மேல்." நியாயம்தான். கூண்டு அப்படிப்பட்ட இடம்தான். ஆனால் வீடு கிடைத்ததும் நிரந்தரப் பத்திரம் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? லிசா கன்டரும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், காப்பக நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளில் தங்கவைத்தபோதே மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்தது. நாய்கள் நிம்மதியாக ஓய்வெடுத்தன. திரும்பி வந்ததும் அளவு பழையபடி ஏறியது, ஆனால் முன்பைவிட மோசமாகவில்லை. ஆகவே கணக்கர் வீட்டில் பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம். பொருந்தவில்லை என்றால் திரும்பக் கொண்டுவந்துவிட்டுத் தலைநிமிர்ந்து போகலாம். வாழாவெட்டி என்ற சொல்லை நாய்கள் அகராதியிலும் சேர்த்துவிட வேண்டாம்.

இதையெல்லாம்விட வலுவான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு நான் பாதி தோற்றுவிடுகிறேன். தெருவிலேயே பிறந்து, டீக்கடை பன்னிலும் வாட்ச்மேன் சோற்றிலும் வளர்ந்த நாய், காப்பகத்துக் கூண்டுக்குள் பயந்து நடுங்குகிறது என்றால் அது பயந்த நாயா, இடம் மாறிய நாயா? 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்கின்றன. அப்படிப்பட்ட நாய்க்குச் சரியான வீடு அதன் தெருமுனைதான்; அங்கே இறக்கிவிட்டால் அரை நிமிடத்தில் வேறு நாயாகிவிடும். என் வாதம் திரும்பிப் போக இடமில்லாதவற்றுக்கு: வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவை, காப்பகத்துக்குள்ளேயே பிறந்தவை, ஊனப்பட்டவை.

அவற்றைக் கொடுக்கும்போது சொந்த வீடா, வாடகையா, மொட்டை மாடி உண்டா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். கூடவே, உங்கள் வீட்டுக்குக் கடைசியாக விருந்தாளி வந்தது எப்போது, நீங்கள் போனில் பேசினால் தெருமுனைக்குக் கேட்குமா, நாய் ஒரு மாதம் உங்களைத் திரும்பிப் பார்க்காவிட்டால் உறவினர்களிடம் புலம்புவீர்களா என்றும் கேட்டு எழுதி வாங்கலாம். முதல் சில வாரம் கழுத்துப்பட்டையை மட்டும் நம்பக் கூடாது, மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். மிரண்ட நாய் கழுத்தை உருவிக்கொண்டு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் யாருக்கும் கொடுக்கவே வேண்டாம். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று தமிழக அரசு பட்டாசுக்கு நேரம் குறித்திருக்கிறது. நாய்க்கு அந்த அரசாணை தெரியாது, தெருவுக்கும் தெரியாது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்கிறது. பயந்த நாயின் வால் வளைவை விட்டு இறங்கி வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். அது மறுபடி வளைந்தால் போதும். என்றைக்காவது ஒரு காலை ஏழு மணிக்கு அது வளைந்திருக்கும். கருவூலக் கணக்கர் டெண்டர் விளம்பரத்தில் இருப்பார். கண்ணில் பட்டாலும் படாத மாதிரி பக்கத்தைப் புரட்டிவிடுவார்.