பார்மட் அடித்தலும் பைல் பிழைத்தலும்: வீரசோழன் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

கம்ப்யூட்டரில் பழுதான ஓ.எஸ்ஸை நீக்கி மீண்டும் புதிதாக ஏற்றுவதைக் கணினி நூலார் மறுநிறுவல் என்பர். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்தார் பார்மட் அடித்தல் என்பர். ஓ.எஸ் போனால் வேறு ஓ.எஸ் கிடைக்கும். காதுகுத்துப் போட்டோ போனால், பிள்ளைக்கு மறுபடி காது குத்த முடியாது. ஆகவே இத்தொழிலின் வெற்றி புதிதாக ஏறியதைக் கொண்டு அளக்கப்படுவதன்று. பழையதில் பிழைத்ததைக் கொண்டு அளக்கப்படுவது.

தொல்காப்பியர் வகுத்த முப்பொருளும் இங்கே பொருந்தும். ஹார்ட் டிஸ்க் முதற்பொருள். விண்டோஸ், பிரவுசர், பிரிண்டர் டிரைவர் முதலியன கருப்பொருள். சொந்தப் பைல்கள் உரிப்பொருள். மானாவாரிக் காடும் சீமைக்கருவேலமும் கரிமூட்டமுமாகக் கிடக்கும் இந்நிலத்தைப் பாலை என்று கொண்டால், பாலைக்கு உரியது பிரிவு. பேக்கப் எடுக்காதோர் இந்த இலக்கணத்தை இன்றளவும் வழுவாமல் காத்து வருகின்றனர்.

2. ஆய்வுக்களம்

இவ்வட்டார வீடுகளுக்குள் மடிக்கணினி நுழைந்ததற்குப் பெருங்காரணம், 15.9.2011 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். எல்காட் நிறுவனம் வழியாக வந்த தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஒருபுறமும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறமும் இருந்தன. முன்னதைத் திறக்காதவர் இல்லை. பின்னதைத் திறந்தவர் அரியர்.

பிளஸ் டூ மாணவருக்கு வந்த மடிக்கணினி நாளடைவில் குடும்பச் சொத்தாயிற்று. பட்டா, அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது, வெளிநாடு போனவரின் பாஸ்போர்ட் நகல், கல்யாண வீடியோ எல்லாம் அதில் குடியேறின. இவற்றுள் பெரும்பாலானவை ‘நியூ ஃபோல்டர்’ என்னும் பெயரிலும், எஞ்சியவை ‘நியூ ஃபோல்டர் 2’ என்னும் பெயரிலும் வழங்கின. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 14.1.2020-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14.10.2025-இலும் முடிந்ததால், பழுதாகாத மெஷினும் கம்ப்யூட்டர் கடைக்கு வரத் தொடங்கியது.

3. டெஸ்க்டாப் மயக்கம்

கடையில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் பின்வரும் வடிவினது.

“சி-யில ஏதும் இருக்காண்ணே?”

“அதுல ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் டெஸ்க்டாப்புலதான் கெடக்கு.”

சி டிரைவுக்குள் யூசர்ஸ், அதற்குள் உரியவர் பெயர், அதற்குள் டெஸ்க்டாப் என்பதே உண்மை முகவரி. டவுன்லோட்ஸும் டாக்குமெண்ட்ஸும் அதே வளவில் உள்ளவை. எனவே மேற்கண்ட விடையின் பொருள், ‘எல்லாம் சி-யில்தான் இருக்கிறது’ என்பதாகும். இதை அறியாத கடைக்காரர் பார்மட் அடிப்பார். அறிந்தவர் இரண்டாவது கேள்வி கேட்பார்.

டி டிரைவில் வைத்தவருக்கும் முழு அபயம் இல்லை. விண்டோஸ் ஏற்றும் திரையில் சி, டி என்னும் எழுத்துகள் தோன்றா. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, 2, 3 என்றே வரிசை நிற்கும். எது எதுவென்று ஜி.பி. அளவைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். இத்திரையில் டெலீட் பட்டனை அழுத்திப் பார்ப்பது தவிர்க்கத்தக்கது.

4. பிழைப்பிக்கும் நெறிகள்

முதல் நெறி, வேண்டியதை வெளியே நகலெடுத்தல். விண்டோஸ் எழும்பாவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்பி எடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பாஸ் லினக்ஸ் உள்ளேயே நலமாக இருந்தால் அதுவே போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டியும் எடுக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். ஃபேட்32 பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை ஏற்காது. கல்யாண வீடியோ மட்டும் ஏற மறுத்து முரண்டுவது இதனால்தான்.

இரண்டாவது, விண்டோஸ் 10, 11-இல் உள்ள ரீசெட் வசதி. சொந்தப் பைல்களை வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தால் அவை தங்கும். பின்னால் ஏற்றிய மென்பொருள்கள் போகும்.

மூன்றாவது, பார்மட் அடிக்காமல் அதே பார்ட்டிஷனில் கஸ்டம் முறையில் விண்டோஸ் ஏற்றுதல். பழையன எல்லாம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்னும் ஃபோல்டருக்குள் ஒதுங்கும். விண்டோஸ் 10, 11-க்கு மேம்படுத்தும்போது உருவாகும் இந்த ஃபோல்டர் 10 நாளில் தானே அழியும். ஆகவே வேண்டியதை அந்தக் கெடுவுக்குள் எடுத்துவிடுதல் முறை.

5. எழுத்திழப்பு

பைல் பிழைத்தும் பயனற்றுப் போவது உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைகளில் இது வழக்கம். பாமினி முதலிய பழைய தமிழ் எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பவை. பார்மட்டில் அவையும் போகும். பின்னர் பத்திரிகையைத் திறந்தால், ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். மணமக்கள் பெயரும் தாய்மாமன் பெயரும் இக்கதியே அடையும். எழுத்துருவை மறுபடி ஏற்றினால் தமிழ் மீளும். எனவே ஃபாண்ட்ஸ் ஃபோல்டரும் நகலெடுக்கத்தக்க உரிப்பொருளே. யூனிகோடில் அடித்தவருக்கு இத்தொல்லை இல்லை.

6. சரிபார்ப்பு

நகல் எடுத்தாயிற்று என்று சொல்வது சான்றாகாது. மூலையில் சிறு அம்புக்குறி உள்ள ஐகான் வெறும் ஷார்ட்கட். அதைப் பென் டிரைவில் போட்டால் முகவரிதான் ஏறும், பைல் ஏறாது. நகலின் அளவைப் பார்த்து, வேறொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகே பார்மட் அடிக்க வேண்டும். இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ 2 கே.பி. என்று காட்டுமாயின், வேலையை நிறுத்திவிட்டு முதல் நெறியிலிருந்து மறுபடி தொடங்குக.