ஏவாத ராக்கெட்

என் கம்ப்யூட்டரில் ப்ராசஸர் எப்போதும் 100 சதவீதம் காட்டுகிறது. ஃபேன் ராக்கெட் மாதிரி கத்துகிறது. என்ன செய்ய?
*– வாசகர், கழக்கூட்டம், திருவனந்தபுரம்*

உங்கள் ஊர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த 'விக்ரம் 1601', வெறும் 16 பிட் ப்ராசஸர். 2009 முதல் நிஜ ராக்கெட்டுகளிலேயே பறக்கிறது. ஒருமுறைகூட அதில் யாரும் நாற்பது டேப் திறந்ததில்லை!

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் 'சிபியு' என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் தின்பவர் பந்தியில் முதலாவதாக உட்கார்ந்திருப்பார். 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 காட்டினால் பயம் வேண்டாம்; அது ஓய்வின் அளவு.

நீங்கள் எதையும் தொடாதபோதும் முன்பின் தெரியாத பெயர் ஒன்று உச்சத்தில் நின்றால், உடனே வைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். உங்கள் கரண்டில் யாரோ கிரிப்டோ காசு அடித்துக்கொண்டிருக்கலாம்.