தலையில்லாத குடும்பம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. தரங்கம்பாடி, மே 1983. மாசிலாமணிநாதர் கோயிலுக்கு முன்னால் அம்மா, அத்தை, தங்கை, நான். எல்லோரும் கழுத்து வரைக்கும்தான். சேலையை வைத்துத்தான் அம்மா யார், அத்தை யார் என்று சொல்ல வேண்டும். ஆனால் மணல் மட்டும் தாராளமாக விழுந்திருக்கும். என் காலில் செருப்பில்லை என்பதுகூடத் துல்லியமாகத் தெரியும்.

அப்பாவிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3. ரோலுக்குப் பன்னிரண்டு படம். எங்கள் வீட்டில் ஒரு ரோல் மூன்று கோடை விடுமுறைக்கு வந்தது. கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை மேலே, லென்ஸ் கீழே. கிட்டப் போனால் கண்ணுக்குத் தெரியும் தலை ஃபிலிமில் ஏறாது. இதை அப்பாவிடம் சொல்கிற தைரியம் யாருக்கும் இல்லை. “நீங்கதான் துள்ளியிருக்கீங்க” என்றுவிட்டார்.

அந்தப் படத்தைத் தலைகளோடு திரும்ப எடுத்துவிடுவது என்று ஐம்பது வயதில் முடிவு செய்தேன். மாதத் தவணையில் கேமரா வாங்கினேன். முக்காலி, பை, லென்ஸ் துடைக்கத் தனித் துணி எல்லாம் வந்தன. முகம் துடைக்கும் துண்டை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

அன்று மாயவரத்திலிருந்து ரயிலில் போவோம். 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. திருக்கடையூரில் வண்டி நின்றால் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகுதான் கிளம்பும் என்பார் மாமா. 1986இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பஸ். முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததில், பக்கத்து சீட்டுக்காரர் நிலம் அளக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பொறையாறு வரைக்கும் தன் பட்டா பிரச்சினையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

முதலில் கோட்டைக்குப் போனேன். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். லென்ஸ் விலை விசாரித்து நொந்து வந்த எனக்கு அது கொள்ளை மலிவாகத் தெரிந்தது. வாசலில் ஒரு ஜோடியை வைத்துக் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு நடந்தது. “சார், ஃப்ரேம்ல வர்றீங்க” என்று என்னை விரட்டினார்கள். நாற்பது வருஷம் முன்னால் நான் ஓடிப்பிடித்து விளையாடிய இடம் அது. யாரிடம் போய்ச் சொல்வது?

கோயிலுக்கு வந்தேன். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியபோது கடல் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது கோயிலைத் தின்றுவிட்டது. பழைய படத்தை ஒரு கையிலும் கேமராவை மறு கையிலும் வைத்துக்கொண்டு, அப்பா நின்ற இடத்தைக் கணக்குப் போட்டுப் பின்னால் நகர்ந்தேன். அரித்த கரையைக் காக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள் வந்தன. அதற்குமேல் நகர வேண்டுமானால் நீந்தத் தெரிய வேண்டும். அப்பா நின்ற இடத்தில் கடல் நின்றுகொண்டிருந்தது.

“எந்தப் பேப்பரு தம்பி?” என்றொரு குரல். மீன் கூடையோடு ஒரு ஆயா.

“பேப்பர் இல்ல ஆயா. சின்ன வயசுல வருவோம். அத்தை வீடு இங்கதான் இருந்துச்சு.”

“சுனாமி அப்ப எத்தினி பேரு வந்து புடிச்சாங்க! அழுவுறப்ப புடிச்சாங்க, சோறு வாங்குறப்ப புடிச்சாங்க. ஒரு காப்பி ஒருத்தரும் குடுக்கல.”

நான் என்ன சொல்ல? முக்காலியை விரித்தேன். ஆயா கூடையை இறக்கி வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றது. சிரிக்கச் சொன்னேன். “பல்லு இல்ல, நீ புடி” என்றது. விலாசம் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு மொத்தம் 312 படம். அலை, படகு, காக்கை எல்லாம் பழுதில்லாமல் வந்திருந்தன. ஆயா படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நெற்றிக்கு மேலே கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது.