தீவில் ஓர் இளைப்பாறல்

கலங்கரை விளக்கங்கள் கட்டிப் பிரசித்தி பெற்ற ஸ்காட்லாந்துக் குடும்பமொன்றில் 1850-ல் பிறந்து, அந்தப் பிதிரார்ஜிதத் தொழிலையும், பிற்பாடு 1875-ல் தேறிய வக்கீல் தொழிலையும் சமமான அசிரத்தையோடு கைவிட்டு, கழுதையோடும் கப்பலோடும் தேசாந்தரம் திரிந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், தேக சௌக்கியத்தை உத்தேசித்து 1890-ல் சமோவா தீவில் முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கிக் குடியேறினார். இளைப்பாறத்தான்! பத்து வயது மூத்த மனைவி, அவளுடைய முதல் விவாகத்து மக்கள், பேரன், எடின்பரோவிலிருந்து வந்து சேர்ந்த தம் தாயார் என்று ஒரு பெரிய சம்சாரமே அவருடைய பேனாவை நம்பி அங்கே கூடிற்று. வியர்வை வற்றாத அந்த உஷ்ணப் பிரதேசத்திலும் வீட்டில் கணப்படுப்பு கட்டப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரருக்குக் கணப்படுப்புதான் முக்கியம், குளிர் இரண்டாம் பட்சம்.

வக்கீல் படிப்பும் வீண்போகவில்லை. கிறிஸ்துமஸ் தினத்தில் பிறந்துவிட்டதால் தனியாகப் பிறந்தநாள் கொண்டாடும் பாக்கியத்தை இழந்த ஓர் அமெரிக்க அதிகாரியின் மகளுக்கு, தமக்கு இனி உபயோகமில்லையென்று, தம்முடைய நவம்பர் 13-ஆம் தேதி ஜன்ம தினத்தையே 1891-ல் முறைப்படி தானசாசனம் எழுதிக் கொடுத்தார். நிபந்தனைகளை மீறினால் சொத்து அமெரிக்க ஜனாதிபதியைச் சேரும் என்றொரு ஷரத்தும் அதில் உண்டு.